தண்ணி படாத துரு

போன கார்த்திகை மழை ஓய்ஞ்சதும் வேங்கிக்கால் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் ஷெட்டில் இருக்கற தாத்தாவோட பட்டறையை ரொம்ப வருஷம் கழிச்சுத் திறந்தோம். (எங்க வீட்டில் கார்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்லை. ஷெட் மட்டும் உண்டு.) கதவைத் திறந்ததுமே பூசண வாசனை. உளிப் பிடியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கு. வைஸ் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கு. ரம்பத்தின் தகட்டு மேல நாலு விரல், ஒரு கட்டைவிரல்... அச்சு எடுத்த மாதிரி துரு.

அப்பா கூரையைப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். "ஒழுகல, ஓதம் ஏறல, ஒரு சொட்டு உள்ள வரல. அப்புறம் எப்டிடா துரு புடிக்கும்? இஞ்சினியரிங் படிச்சவன்தானே, சொல்லு."

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் அரிப்பு பத்தி ஒரு யூனிட் இருந்தது. அதை சாய்ஸில் விட்டவன் நான். அன்னைக்கு முழிச்சதுக்குப் பரிகாரமாத்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, அப்பா கேட்ட அதே கேள்வி நம்ம எழும்பூர் மியூசியத்தில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுந்திருக்கு. அங்கே கேள்வி ரம்பத்தைப் பத்தி இல்லை, சாமி சிலைகளைப் பத்தி.

தமிழ்நாட்டில் வயலை உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் செப்புத் திருமேனிகள் கிடைக்கும். 1878 புதையல் சட்டப்படி பல சிலைகள் சென்னை மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள்ள கிடந்து தாக்குப் பிடிச்ச சிலை, மழையே படாத கண்ணாடி அலமாரிக்குள்ள வந்த பிறகு வெளிர்பச்சைப் பொடியா உதிர ஆரம்பிக்கும். துடைச்சா மறுபடி பூக்கும். இதுக்கு வெண்கல நோய்னே பேரு.

காரணம் உப்பு. மண்ணிலிருக்கற குளோரைடு மெல்ல மெல்ல உலோகத்துக்குள்ள புகுந்து செப்புக் குளோரைடா உட்கார்ந்திருக்கும். காத்தில் ஈரப்பதம் ஏறினா அது ஆக்சிஜனோட சேர்ந்து பச்சைப் பொடியா மாறும், கூடவே கொஞ்சம் அமிலத்தையும் விடும். அந்த அமிலம் பக்கத்திலிருக்கற செம்பைத் தின்னு திரும்பவும் குளோரைடாகும். நிறுத்தச் சொல்லாத லூப் மாதிரி ஓடிட்டே இருக்கும். (தொழில் புத்தி, மன்னிக்கவும்.) அதிலும் எழும்பூர் கடலுக்கு ரொம்பப் பக்கம்.

கண்காணிப்பாளரா எஃப்.எச்.கிரேவ்லி இருந்த காலத்தில், 1930-இல் மியூசியத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு தொடங்குச்சு. எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே சிலைகளுக்கு மின்னாற்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்தார். 1925-இல் அமெரிக்காவில் ஃபிங்க், எல்ட்ரிட்ஜ் இருவரும் வெளியிட்ட வழி அது. 2 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் சிலையை எதிர்முனையா வெச்சு, சுத்தி இரும்பை நேர்முனையா நிறுத்தி மெதுவா மின்சாரம் விடணும். குளோரைடு சிலையை விட்டு நேர்முனைப் பக்கம் இழுபடும். சிலை மேலே ஹைட்ரஜன் குமிழ் விட்டு மேல்படிவம் தளரும். அவசரம் ஆகாத வேலை. அப்புறமும் உப்பு மிச்சமில்லாம போகற வரைக்கும் கழுவிக்கிட்டே இருக்கணும். பரமசிவனைப் பல பேருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ஞ்சவராத்தான் தெரியும். எனக்கென்னவோ இந்தத் தொட்டி வைத்தியம்தான் பெரிசாப் படுது.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. நோயோட சேர்த்து, காலம் போர்த்தின மேல்தோலும் போயிடும். சில நுட்பங்கள் அந்தப் படிவத்தில்தான் தங்கியிருக்கும். அதனாலதான் பிற்காலத்தில் மென்மையான கழுவல், 1967-க்குப் பிறகு பென்சோட்ரையசோல் பூச்சுன்னு வழி மாறுச்சு. அதுக்காகப் பரமசிவனைக் குறை சொல்ல மாட்டேன். பொடியா உதிர்ந்துக்கிட்டிருந்த சிலையை வெச்சுக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் காத்திருக்க முடியுமா என்ன?

சரி, நம்ம ரம்பத்துக்கு வருவோம். இரும்புக்கான பதிலைச் சொன்னவர் இங்கிலாந்துக்காரர் டபிள்யூ.எச்.ஜே.வெர்னான். காத்தில் கொஞ்சம் கந்தகப் புகை இருந்தா போதும், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினதுமே துரு விறுவிறுன்னு ஏறும்னு 1930களில் காட்டினார். சொட்டுத் தண்ணி தேவையே இல்லை. அவரோட இன்னொரு சோதனை இன்னும் பிடிச்சது. அறைக்குள்ள ஒரு இரும்புத் துண்டைச் சும்மா தொங்கவிட்டார், இன்னொண்ணை மஸ்லின் துணிக் கூண்டுக்குள்ள தொங்கவிட்டார். சும்மா தொங்கினது துருப்பிடிச்சுது, கூண்டுக்குள்ள இருந்தது பளபளன்னே இருந்தது. துணி ஈரத்தைத் தடுக்கலை, தூசியைத்தான் தடுத்தது!

அந்த விரல் அடையாளத்துக்கும் இதிலேயே பதில் இருக்கு. கடலுக்கும் எங்க ஊருக்கும் பஸ்ஸில் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். ஆனா வியர்வையில் உப்பு இருக்கே. 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தானாவே காத்திலிருந்து தண்ணியை இழுத்துக்கும். மழை விட்ட காலையில் ஷெட்டுக்குள்ள மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 91 காட்டுச்சு. ராத்திரி குளிர்ந்த இரும்பு மேல அந்தக் காத்து பட்டா கேட்கவே வேணாம்.

உளிப் பிடிகளை வெயிலில் போட்டுத் துடைச்சதுக்கே பூசணம் அடங்கிடுச்சு. வைஸுக்குப் பரமசிவன் வைத்தியம். பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா, பழைய பேட்டரி சார்ஜர், நேர்முனைக்குக் கட்டடக் கம்பி. (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டுடாதீங்க, விஷமான குரோமியம் கரையும். குமிழில் ஹைட்ரஜன் இருக்கும், அதனால திறந்தவெளியில் செய்யுங்க.) ரெண்டு நாளில் துரு கறுப்புச் சேறா மாறி உதிர்ந்துச்சு. கழுவி, காய வெச்சு, எண்ணெய் போட்டாச்சு. சமையல் எண்ணெய் வேணாம், நாளாக நாளாகப் பிசுக்கு ஏறும்.

அடுத்து ரம்பத்தைத் தொட்டிக்கிட்டே கொண்டு போனேன். அப்பா கையைப் பிடிச்சார்.

"தாத்தா வேலை முடிச்சா எண்ணெய்த் துணியால துடைக்காம எதையும் மாட்ட மாட்டார்டா. கடைசியா வேலை செஞ்ச அன்னைக்கு முடியலைன்னு அப்படியே வெச்சுட்டு வந்து படுத்தார்."

ரம்பத்தைத் தொட்டியில் போடலை. மேலே மேலே எண்ணெய் மட்டும் தடவி ஆணியில் மாட்டினோம். அப்பா உள்ளே போய் தாத்தாவோட பழைய மல் வேட்டி ஒண்ணைக் கொண்டு வந்து அது மேல போர்த்தினார். வெர்னான் கதையை அவர்கிட்ட நான் இன்னும் சொல்லலை.