தில்லியில் காதுகேளாதோர் உயர்கல்வி : மொழி நோக்கில் ஒரு வரலாற்றுப் பார்வை

காதுகேளாத மாணவரின் உயர்கல்வி, இந்தியாவில் பெரும்பாலும் இடஒதுக்கீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதனை 5 விழுக்காடாக உயர்த்தியது. இடம் பெற்ற மாணவர்க்குப் பாடம் எம்மொழியில் சென்று சேரும் என்னும் வினா இவ்வரலாற்றில் அருகியே காணப்படுகிறது. தில்லியில் நிகழ்ந்தவை அவ்வினாவை எழுப்புகின்றன.

1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, காதுகேளாதோர் கல்வியில் சைகையை விலக்கி வாய்மொழிப் பயிற்சியை ஏற்றது. இந்தியப் பள்ளிகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. உதடசைவை நோக்கியிருக்கும் மாணவர் அதே வேளையில் குறிப்பெழுத இயலாது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாடம் அறுந்துவிடும். பள்ளியில் ஒருவாறு ஈடுசெய்யப்பட்ட இக்குறை, கல்லூரி விரிவுரையில் பெருந்தடையாயிற்று.

இமாசலப் பகுதியில் பிறந்த மதன் வசிஷ்டா பதினோராம் வயதில் செவித்திறனை இழந்தவர். தில்லிக்கு வந்து புகைப்படக்கலை பயின்ற அவர், 1967இல் வாசிங்டனிலுள்ள காலடெட் கல்லூரிக்குச் சென்றார். காதுகேளாதோர்க்கெனப் பட்டம் வழங்கும் உரிமையை அந்நிறுவனம் 1864இலேயே பெற்றிருந்தது. பின்னர் அவரும் சேம்சு உட்வர்டு முதலியோரும் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஆராய்ந்தனர். தில்லி வழக்கை மையமாகக் கொண்ட அவர்களது அறிமுக நூல் 1980இல் வெளிவந்தது. தலைநகரின் சைகைமொழி ஆய்வுப்பொருளாவதற்கு, உயர்கல்வி நாடிக் கடல்கடந்த ஒருவரின் உழைப்பு வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

சைகைமொழியை மெய்ப்பாட்டோடு ஒப்பிடும் எண்ணம் தமிழாய்வாளர்க்கு எளிதில் எழக்கூடும். அவ்வொப்புமை பொருந்தாது. மெய்ப்பாடு உள்ளத்துணர்வின் புறவெளிப்பாடு. இந்தியச் சைகைமொழியோ தனக்கென இலக்கணம் உடையது. வினாச்சொல் தொடரின் இறுதியில் நிற்பது அதன் இயல்பு; எதிர்மறையும் அவ்வாறே. (தமிழின் 'இல்லை' இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே, எனினும் அதனைக் கொண்டு உறவு காட்ட முற்படுதல் மிகையாகும்.)

2009இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் மத்திய இலங்காசயர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பயன்பாட்டுச் சைகைமொழியியலில் இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. காதுகேளாத மாணவர்க்குச் சைகைமொழியே பயிற்றுமொழியாயிற்று, அதுவே பாடமுமாயிற்று. 2011இல் இப்பல்கலைக்கழகத்தின் கீழ் சைகைமொழி ஆய்வுப் பயிற்சி மையம் அமைந்தது. இரண்டே ஆண்டுகளில், 2013இல், மையத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்க முடிவாயிற்று. காதுகேளாதோர் எதிர்த்துப் போராடினர். 2015 செப்டம்பரில் நடுவண் அமைச்சகத்தின் கீழ்த் தனி மையம் உருவாயிற்று. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. கல்வி, சட்டம், மருத்துவம் சார்ந்த சொற்களும் அதில் இடம்பெற்றன.

இவ்வளர்ச்சி சிறிதன்று. ஆயினும் மையம் நடத்துவன மொழிபெயர்ப்பாளர்க்கும் சைகைமொழி ஆசிரியர்க்குமான பட்டயப் படிப்புகள். 2009இல் பல்கலைக்கழகத்திற்குள் பட்டப்படிப்பாக நுழைந்த மொழி, பட்டய நிலையில் தொடர்கிறது.