ஃப்ளூ வைரஸ் உயிரணுவுக்குள் புகும் வகை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டு முதல் ஓடி வருகிறது. அதில் பல ஆண்டுகள் போய் வந்தவன் நான். அந்தப் பாதையைச் சார்ந்த மூன்று இடங்களை இன்று மாணவ நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஒன்று, அம்மைப் பால் தயாரிப்பதற்கென்று தோன்றி, நூற்றாண்டு கடந்து நிற்கும் கிண்டி கிங் ஆய்வு நிலையம். மற்றொன்று, அதே கிண்டி வட்டாரத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகம். மூன்றாவது, 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தாம்பரம் சானடோரியம். நோய்க் கிருமியை ஆராயும் இடம், பொருளின் இயல்பை ஆராயும் இடம், நுரையீரல் நோயாளியைக் காக்கும் இடம் என மூன்றும் ஒரே ரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கின்றன. நான் சொல்லப்போகும் வரலாற்றை விளங்கிக்கொள்ள இம்மூன்று வகை அறிவும் வேண்டும்.

1957-ஆம் ஆண்டு மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து ‘ரஜூலா’ என்னும் பயணிக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தது. மலாயாவில் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிய கப்பல் அது. அந்த முறை அதில் வந்தவர்களிடையே காய்ச்சலும் இருமலும் பரவியிருந்தன. ஆசியாவின் கிழக்கே அப்போது பரவிக்கொண்டிருந்த புதிய இன்ஃபுளுவென்ஸா இவ்வாறு கடல்வழியே இந்தியாவுக்குள் நுழைந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் இன்ஃபுளுவென்ஸா மையத்தைச் சேர்ந்த டாக்டர் ஐ. ஜி. கே. மேனன் இதன் வரலாற்றை 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதினார். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை, பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல்; பதிவான மரணங்கள் 1098. கணக்கில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1918-ஆம் ஆண்டின் காய்ச்சலோடு ஒப்பிட்டால் இது சிறிதே. பம்பாய் வழியே பரவிய அந்த நோய் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. ஆனால் 1918-இல் நோயின் காரணமே எவருக்கும் தெரியாது. 1957-இல் காரணம் தெரிந்திருந்தது. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா ஆகிய மூவரும், கீரியை ஒத்த ஃபெரட் என்னும் விலங்கின் உதவியால் மனித இன்ஃபுளுவென்ஸா வைரஸைப் பிரித்தெடுத்திருந்தனர். திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. அவன் வீட்டுக்குள் எவ்வாறு நுழைகிறான் என்பதுதான் தெரியவில்லை. நுழையும் வழி தெரியாமல் எந்தக் கதவுக்குத் தாழ் போடுவது?

இந்த வைரஸ் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ளது. அதன் உள்ளே எட்டுத் துண்டுகளாக மரபுச் செய்தி இருக்கிறது. வெளியே கொழுப்பாலான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அச்சவ்வின் மீது நூற்றுக்கணக்கான புரத முட்கள் நிற்கின்றன. நம் உயிரணுவைச் சூழ்ந்திருப்பதும் அதே இனத்துக் கொழுப்புச் சவ்வுதான். ஆகவே வைரஸ் உள்ளே புக வேண்டுமானால், இரு சவ்வுகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சவ்வாக வேண்டும். குழம்பின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் எளிதில் ஒன்றாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். சவ்வுகள் அவ்வாறு தாமே சேர்வதில்லை. இரு சவ்வுகளின் மேற்பரப்பும் தண்ணீரை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதே காரணம். அந்த நீரை விலக்கி அவற்றை நெருக்குவதற்கு ஆற்றல் செலவழிய வேண்டும். அந்த ஆற்றலை வைரஸ் எங்கிருந்து பெறுகிறது?

விடையின் முதல் நுனி 1941-இல் அகப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் கோழிக் கருவில் வைரஸை வளர்த்து வந்தார். கருவின் இரத்தம் வைரஸ் நிறைந்த நீரில் கலந்தபோது, சிவப்பணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன. வைரஸின் முட்கள் அணுக்களின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையைப் பற்றுகின்றன என்பது பின்னர் விளங்கியது. அந்த முள்ளுக்கு ஹீமாக்ளுட்டினின், அதாவது ‘இரத்தத்தை ஒட்டுவது’ என்று பெயர் வைத்தனர். ஆனால், ஒட்டுவது வேறு, புகுவது வேறு. வாசற்படியில் நிற்பவன் வீட்டுக்குள் வந்தவன் ஆவானா?

ரஜூலா சென்னைக்கு வந்த காலத்தை ஒட்டி, ஜப்பானின் ஒசாகா நகரில் யோஷியோ ஒகாடா என்பவர், செண்டாய் வைரஸ் உயிரணுக்களை ஒன்றோடொன்று கலக்கச் செய்வதைக் கண்டார். அவ்வைரஸ் சிவப்பணுக்களை உடைக்கவும் வல்லது. இன்ஃபுளுவென்ஸா வைரஸோ சிவப்பணுக்களை ஒட்ட மட்டும் செய்தது, உடைக்கவில்லை. இந்த முடிச்சு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவிழாமலே கிடந்தது.

1980-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான மைதா, ஓனிஷி ஆகிய இருவரும் அதை அவிழ்த்தனர். சிவப்பணுக்களும் வைரஸும் கலந்த நீரைச் சற்று அமிலமாக்கினர். உடனே சவ்வுகள் கலந்தன, சிவப்பணுக்கள் உடைந்தன. ஆரி ஹெலனியஸ், ஜூடித் வைட் முதலியோரின் ஆராய்ச்சிகளும் அடுத்தடுத்து வந்தன. முழு வழியும் புலப்பட்டது. உயிரணு தன் மேல் ஒட்டிய வைரஸை ஒரு சிறு பையாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பையைப் படிப்படியாக அமிலமாக்குகிறது. வெளியே உள்ளதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அமிலத் தன்மை அங்கே உண்டாகிறது. இது உயிரணு தன் இரையைச் சிதைப்பதற்குக் கையாளும் முறை. வைரஸ் அந்த முறையையே தனக்கு அடையாளமாக வைத்துக்கொண்டது. அமிலம் பட்டதும், தான் உள்ளே வந்துவிட்டதை அது ‘அறிகிறது’. கொல்ல வைத்த புளிப்பே கதவைத் திறக்கும் சாவியாகிவிடுகிறது!

சரி, அமிலம் பட்டதும் நிகழ்வது என்ன? இதை அறிய அம்முள்ளின் வடிவத்தை அணு அணுவாகக் காண வேண்டியிருந்தது. 1981-இல் வில்சன், ஸ்கெஹல், வைலி ஆகியோர் எக்ஸ் கதிர்களின் உதவியால் அதைக் கண்டனர். மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு தண்டு. அதன் நடுவே ஒன்றையொன்று முறுக்கிய மூன்று சுருள்கள்.

இங்கேதான் கிண்டி நினைவுக்கு வருகிறது. 1954-இல் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்று சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்தனர். கொலாஜனின் முப்புரி வேறு, வைரஸ் முள்ளின் முச்சுருள் வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணிவிடலாகாது. ஆனால் 1963-இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம் எல்லாப் புரதங்களுக்கும் பொது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் திரும்ப இயலாது என்பதை அது காட்டுகிறது. ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொல்பவர் எந்நாட்டவராயினும், அதைச் சரிபார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தை நாடுவது இன்று வழக்கம். அந்த வரைபடம் காய்ச்சலுக்கு மருந்து தேடிப் பிறந்ததன்று; பொருளின் இயல்பை அறியும் ஆவலில் பிறந்தது.

1993-இல் சாவெலா கார், பீட்டர் கிம் இருவரும், அந்த முள் இறுக்கி வைத்த சுருள்வில் போன்றது என்று எடுத்துக்காட்டினர். 1994-இல் வைலி, ஸ்கெஹல் குழுவினர் அமிலத்தில் மாறிய வடிவத்தையே கண்டனர். எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியை இழுத்து மாட்டும்போது நம் கையின் ஆற்றல் அதில் தேங்குகிறது; தொட்டதும் அது வெளிப்படுகிறது. முள் உருவாகும்போதே ஆற்றல் அதில் தேங்கிவிடுகிறது. நம் மூச்சுக் குழாயில் உள்ள நொதி ஒன்று அதை ஓரிடத்தில் வெட்டி, பொறியைத் தயார் செய்கிறது. அமிலம் பட்டதும் முள்ளின் தலைகள் விலகுகின்றன. மடிந்திருந்த பகுதி நிமிர்ந்து நீண்ட சுருளாகிறது. அதுவரை தண்டில் மறைந்திருந்த, கொழுப்பை விரும்பும் ஒரு சிறு நுனி மேலெழுந்து, உயிரணுவின் சவ்வில் கொக்கிபோல் குத்துகிறது. பின்னர் தண்டு இரண்டாக மடிகிறது. சவ்வுகள் நெருங்குகின்றன, கலக்கின்றன, துளை பிறக்கிறது. எட்டுத் துண்டுகளும் அத்துளை வழியே உயிரணுவுக்குள் சேர்கின்றன.

ஒரு முறை சொடுக்கிய பொறி தானே மீண்டும் மாட்டிக்கொள்ளாது. ஆகவே உயிரணுவை அடையுமுன்பே அமிலம் பட்ட வைரஸ் பயனற்றுப் போகிறது. பறவைக் காய்ச்சலின் கொடுமைக்கும் விளக்கம் இங்கே கிடைக்கிறது. சாதாரண வைரஸின் முள்ளை வெட்டும் நொதிகள் பெரும்பாலும் மூச்சு உறுப்புகளில்தான் உண்டு. கோழிகளைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும் சில வைரஸ்களின் முள்ளையோ, உடலெங்கும் உள்ள நொதியே வெட்டிவிடும். அதனால் அவை உடல் முழுவதும் பரவுகின்றன. சோப்பின் பயனும் விளங்குகிறது. வைரஸின் போர்வை கொழுப்பாதலால், சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது.

1957-இல் வந்த வைரஸ், பறவை வைரஸிலிருந்து புதிய முள்ளைப் பெற்றிருந்தது. அந்த முள்ளைப் பெரும்பாலோரின் உடல் அதற்குமுன் கண்டதில்லை. இன்றைய தடுப்பூசி பெரும்பாலும் முள்ளின் தலையையே உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. தலையோ அடிக்கடி மாறுகிறது. அதனால்தான் ஊசியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சவ்வைக் கலக்கும் தண்டு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதைப் பற்றி, பொறி சொடுக்காமல் தடுக்கும் எதிர்ப்பொருளை 1993-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். அத்தகைய எதிர்ப்பொருளை உடலே உண்டாக்கும்படி செய்யும் தடுப்பூசிக்காகப் பல நாடுகளில் முயற்சி நடக்கிறது.

2009-இல் மற்றொரு புதிய இன்ஃபுளுவென்ஸா உலகைச் சுற்றியபோது, கிண்டி கிங் நிலையம் சென்னை நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்தது. இனியும் ஒன்று வரும். அது கப்பலில் வருமா, மீனம்பாக்கத்தில் விமானத்திலிருந்து இறங்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்குமுன் அந்தத் தண்டைத் தாழிடும் வழியை எவரேனும் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கேட்கும் மாணவர்களுள் ஒருவர் அந்த வேலையில் பங்கு கொள்ளலாம். பௌதிகம் படிப்பவராயினும், இரசாயனம் படிப்பவராயினும், மருத்துவம் படிப்பவராயினும் அங்கே அவருக்கு வேலை காத்திருக்கிறது.