புழுங்கல் சோறும் பெரிபெரியும்

நெல்லை அவித்து உலர்த்திக் குத்தினால் புழுங்கலரிசி. அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. இவ்வேறுபாட்டைச் சுவையோடும் சடங்கோடும் மட்டுமே நாம் பொருத்திப் பார்க்கிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாயாவில் அது உயிரையும் சாவையும் பிரித்த கோடாக இருந்தது.

அங்கு ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியது. பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் தசை மெலியும், நடை தளரும், இறுதியில் இதயம் ஓயும். அதே மண்ணில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தொற்று என்றனர் சிலர். ஈரமண்ணின் நச்சு என்றனர் வேறு சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் உலைப்பானையை நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளரிசி; தமிழர் உண்டது இந்தியப் புழுங்கலரிசி. வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு தோன்றுகிறது என்று 1907இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். அரிசிதான் காரணம் என்பது சரி; நஞ்சு என்பது பிழை.

இக்கருத்தைச் சோதிக்க முற்பட்டவர் வில்லியம் பிளெட்சர். 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினருக்கு வெள்ளரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசியும் அளிக்கச் செய்தார். ஓராண்டில் வெள்ளரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மற்றப் பிரிவில் ஒருவரும் இல்லை. அவர்களுடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அன்று எழவில்லை. அந்த 18 பேரின் பெயர்களை மருத்துவ வரலாறு நினைவில் வைக்கவுமில்லை.

நஞ்சன்று, குறைபாடே காரணம் என்பதைப் பிரேசரும் ஸ்டாண்டனும் அதே மலாயாவில் நடத்திய ஆய்வுகள் பின்னர்த் தெளிவாக்கின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; தீட்டினாலும் முற்றிலும் போவதில்லை. நரம்பு ஆற்றல் பெற அது தேவை. 1926இல் ஜாவாவில் அதனைப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

இதில் நாம் பெருமை கொள்ள அதிகமில்லை. பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் தோட்டங்களில் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். கட்டிவந்த மூட்டைகளில் அவர்களுக்கு வாய்த்த ஒரே காவல், அவித்த நெல்.

வெண்மையே உயர்வு என்று அரிசியை மேலும் மேலும் தீட்டும் நாம், அந்த 18 பேரை ஒருமுறையேனும் நினைத்துக்கொள்ளலாம்.