போருக்கு அளித்த வாக்கும் மறக்கப்பட்ட கணக்கும்: பாராமகால் தரும் பாடம்

ஒகேனக்கல்லுக்குச் சென்று வரும் நம் குடும்பங்கள் அருவியையும் பரிசலையும் வறுத்த மீனின் சுவையையும் நினைவில் சுமந்து திரும்புகின்றன. வழியில் கடந்துபோகும் பென்னாகரத்தில் ஒரு கோட்டை இருந்ததையும், 1791 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதைத் தாக்கிப் பிடித்தபோது உள்ளே பலர் மாண்டதையும் அறிந்தவர்கள் நம்மில் சிலரே. அந்தப் போருக்கான ஒப்புதல், பல மாதக் கடற்பயணத் தொலைவில் இருந்த லண்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் பெறப்பட்டது. அதைப் பெற்றுத் தந்தவர் அதே சபையில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்ன சொல்லியிருந்தார் என்பதை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

அவர் பெயர் ஹென்றி டன்டாஸ். 1782 ஆம் ஆண்டில், கம்பெனியின் இந்தியப் போர்களை ஆராய்ந்த குழுவின் தலைவராக இருந்தவர். அக்குழுவின் ஆய்வில் வெளிப்பட்டவற்றுள் ரோகில்லாப் போரும் ஒன்று. 1774 இல் அவத் நவாப் ஷுஜா உத் தௌலாவிடம் நாற்பது லட்சம் ரூபாய் பேசி, கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் கம்பெனிப் படையை வாடகைக்கு விடுவதுபோல் அனுப்பிவைத்தார். கம்பெனிக்கு எத்தீங்கும் செய்யாத ரோகில்லா ஆப்கானியர்களின் நாடு அப்போரில் பறிபோனது. அவர்களின் தலைவர் ஹாஃபிஸ் ரஹ்மத் கான் போர்க்களத்திலேயே வீழ்ந்தார். முஸ்லிம் நவாப் ஒருவர் பணம் கொடுத்து, முஸ்லிம்களின் நாட்டின் மீதே அந்நியப் படையை ஏவினார் என்ற கசப்பான உண்மையையும் நாம் மறைத்தல் ஆகாது.

டன்டாஸ் 1782 இல் இத்தகைய போர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஹேஸ்டிங்ஸைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் சபையில் நிறைவேற்றினார். இரண்டாண்டுகள் கழித்து, 1784 இல், பிட் பிரதமராக இருந்தபோது வந்த இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிக்கும் திட்டங்கள் பிரிட்டனின் மானத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அச்சட்டம் அமைத்த கட்டுப்பாட்டு வாரியத்தில் டன்டாஸ் செல்வாக்கு மிக்க உறுப்பினரானார்.

சோதனை 1786 ஜூன் மாதத்தில் வந்தது. எட்மண்ட் பர்க், ஹேஸ்டிங்ஸ் மீது சுமத்திய முதல் குற்றச்சாட்டாக ரோகில்லாப் போரையே சபையின் முன் வைத்தார். தம் பழைய சொல்லுக்கு உண்மையாக நிற்க டன்டாஸுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. அவரோ, அப்போர் தவறானதுதான், ஆயினும் அதன் பின்னரும் ஹேஸ்டிங்ஸ் பதவியில் நீட்டிக்கப்பட்டதால் அக்குற்றம் பொறுக்கப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று வாதிட்டார். 119 வாக்குகளுக்கு எதிராக 67 வாக்குகள் மட்டுமே பெற்று அக்குற்றச்சாட்டு தோற்றது. பின்னர் வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் 1788 முதல் 1795 வரை விசாரணை நடந்து ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். ரோகில்லாக்களின் இரத்தம் அவ்விசாரணையில் இடம்பெறவேயில்லை.

முந்தைய போருக்குக் கணக்குக் கேட்காமல் விட்ட அதே சபையின் முன் 1791 இல் திப்பு சுல்தான் மீதான போர் வந்தது. ஃபாக்ஸும் பிலிப் பிரான்சிஸும் எதிர்த்துப் பேசினர். டன்டாஸ் போரை ஆதரித்தார், சபையும் ஒப்பியது. நீதியோடு சொல்வதாயின், அவர் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. 1789 டிசம்பரில் திப்புவின் படை திருவிதாங்கூரின் அரண்வரிசையைத் தாக்கியது. திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு. நட்பு நாட்டைக் காக்கும் போருக்கு 1784 ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது. திப்பு நம்மவர் என்பதற்காக இதை நாம் விட்டுவிடக் கூடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் நெறி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பாசத்துக்கும் அந்நெறி பொருந்தும்.

ஆயினும் முடிவைப் பாருங்கள். காப்பதற்கென்று சொல்லப்பட்ட போர், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் முடிந்தபோது திப்புவின் நாட்டில் ஏறத்தாழப் பாதி பறிக்கப்பட்டிருந்தது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவருடைய மைந்தர் இருவர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளான பாராமகால் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி விதித்தனர். நாடு பிடிப்பது மானக்கேடு என்று எழுதிய சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.

டன்டாஸிடம் ஒருமுறை கணக்குக் கேட்கப்பட்டது. கடற்படைக்கான பொதுப்பணம் முறைகேடாகக் கையாளப்பட்டது தொடர்பாக 1805 இல் சபை அவரைக் கண்டித்தது. வாக்குகள் 216க்கு 216 எனச் சமமாகி, சபாநாயகரின் வாக்கினால் தீர்மானம் நிறைவேறியது. 1806 இல் நடந்த விசாரணையில் அவர் விடுதலை பெற்றார். பணத்துக்குக் கணக்குக் கேட்ட சபை, பென்னாகரத்தில் மாண்டவர்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

இது பழங்கதை அன்று. 2003 மார்ச் 18 அன்று அதே காமன்ஸ் சபை 149க்கு எதிராக 412 வாக்குகளால் ஈராக் போருக்கு ஒப்புதல் தந்தது. அமைதி வழிகள் அனைத்தும் தீரும் முன்னரே அப்போர் தொடுக்கப்பட்டது என்று சில்காட் விசாரணை அறிக்கை கூறியபோது ஆண்டு 2016. இடைப்பட்ட காலத்தில் ஒப்புதல் வாக்களித்தவர் பலர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; அமைச்சர்களாகவும் அமர்ந்தனர்.

நம் நாட்டில் படையை அனுப்ப நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயம் அன்று. 1987 இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படை அவ்வாறே அரசின் முடிவால் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். ஈழத் தமிழ்க் குடும்பங்களும் பெருந்துயருற்றன. ஆகவே இங்கே நாம் தேட வேண்டியது வாக்கை மட்டும் அன்று. உறுப்பினர் அப்போது என்ன பேசினார், எப்போது மௌனம் காத்தார் என்பதும் கணக்கில் சேரும். சட்டங்கள் குரல் வாக்கில் நிறைவேறும்போது யார் எப்பக்கம் நின்றார் என்பது பதிவாவதில்லை. எண்ணி வாக்கெடுக்கக் கோரும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. அதை ஏன் கோரவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவை நடவடிக்கைகளின் பதிவுகள் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன.

ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளவை பற்றி வினவப்படுபவரே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமே, தாங்கள் அணிந்துள்ள ஆடைக்குக் கூடுதல் துணி எங்கிருந்து வந்தது என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்ட நிகழ்ச்சியை நாம் பயான்களில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு துண்டுத் துணிக்குக் கேட்கத் தகுந்த கேள்வி, உயிர்களுக்குக் கேட்கத் தகாததா?

1791 இல் பாராமகாலின் உழவனுக்கு வாக்கு இல்லை. தன் நிலத்தின் மீது தீர்ப்பளித்தவரின் பழைய சொல்லை அறியும் வழியும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருபவர் எக்கட்சியினராயினும், எம்மார்க்கத்தவராயினும், நம் ஜமாஅத்துக்கு நெருக்கமானவராயினும், அவருடைய பழைய சொல்லையும் செயலையும் அருகருகே வைத்துப் பார்ப்போம், அவர் தரப்பையும் கேட்போம், பிறகே தீர்மானிப்போம். வாக்கும் ஓர் அமானிதமே. அதை நீதியோடு நிறைவேற்றும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.