16 ஆண்டு காத்திருந்த தங்கம்: பனிப்பலகை வீராங்கனை லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ்

லிண்ட்சி ஜேக்கபெல்லிஸ் அமெரிக்காவின் ஸ்னோபோர்ட் வீராங்கனை. ஸ்னோபோர்ட் கிராஸ் எனும் பனிப்பலகை ஓட்டப்பந்தயத்தில் தனிநபர் பிரிவில் 5 முறை உலக வெற்றியாளர். எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் மட்டும் 10 தங்கம் வென்றவர். இவ்வளவு வென்றும், ஏறக்குறைய 16 ஆண்டு காலம் உலகம் அவரை நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு தோல்விக்காக.

பனியே விழாத நம் ஊரில் இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிச்சறுக்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் இருக்கும். ஸ்னோபோர்ட்டில் ஒரே பலகைதான். இரண்டு கால்களையும் அதில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி மலைச்சரிவில் இறங்க வேண்டும். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கிராஸ் பிரிவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். வழியெங்கும் மேடு, பள்ளம், வளைவு, தாவல். மோட்டார் சைக்கிள்களில் மண்மேட்டைத் தாவிப் போகும் மோட்டோகிராஸ் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அழகுக்கோ வித்தைக்கோ இதில் புள்ளி கிடையாது. முதலில் கோட்டைக் கடப்பவரே வெற்றியாளர். அவருடைய கதையில் இந்த விதிதான் முக்கியம்.

ஜேக்கபெல்லிஸ் 1985 ஆகஸ்ட் 19-இல் கனெடிகட் மாநிலத்தின் டேன்பரியில் பிறந்தார். வெர்மாண்ட் மாநிலத்தின் ஸ்ட்ராட்டன் மலையிலுள்ள விளையாட்டுப் பள்ளியில் பயின்றார். பனிச்சறுக்கு விடுதிகள் பலகைக்காரர்களை உள்ளே விடத் தயங்கிய 1980-களில், அவர்களுக்கு முதலில் வழிவிட்ட மலைகளுள் ஸ்ட்ராட்டனும் ஒன்று. 2005-இல், இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, அவர் உலக வெற்றியாளர் ஆனார்.

அடுத்த ஆண்டு இத்தாலியின் தூரின் ஒலிம்பிக். ஸ்னோபோர்ட் கிராஸ் ஒலிம்பிக்கில் அறிமுகமானது அப்போதுதான். பிப்ரவரி 17-ஆம் தேதி நடந்த பெண்கள் இறுதிச் சுற்றில் கனடாவின் இரண்டு வீராங்கனைகளும் வழியிலேயே விழுந்துவிட்டனர். மிஞ்சியவர் சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் மட்டும். அவரும் ஏறக்குறைய 3 வினாடி பின்தங்கியிருந்தார். இந்த விளையாட்டில் அது பெரிய இடைவெளி. தங்கம் உறுதி என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட நேரம்.

கடைசிக்கு முந்திய தாவலில் ஜேக்கபெல்லிஸ் காற்றில் எழும்பியபோது, குனிந்து பலகையின் விளிம்பைக் கையால் பிடித்து உடலை வளைத்தார். ஸ்னோபோர்ட் ஆடுவோர் உற்சாகத்தில் செய்யும் வித்தை அது. பந்தயத்துக்குத் தேவையே இல்லாதது. தரையிறங்கியபோது பலகை சறுக்கியது, விழுந்தார். அவர் எழுவதற்குள் ஃப்ரீடன் முந்திச் சென்று தங்கத்தை எடுத்துக்கொண்டார். ஜேக்கபெல்லிஸுக்கு வெள்ளி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நிலை தடுமாறாமல் இருக்கவே பலகையைப் பிடித்ததாக முதலில் சொன்ன அவர், மகிழ்ச்சியில் செய்துவிட்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆணவம் என்றார்கள் சிலர், சின்ன வயது என்றார்கள் சிலர். இருபது வயதுப் பெண் வென்றுவிட்டோம் என்ற பூரிப்பில் செய்த காரியத்துக்கு, கிடைத்த ஏச்சு அதிகம்தான். குளிர்கால ஒலிம்பிக் வரும்போதெல்லாம் தொலைக்காட்சிகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின.

ஒலிம்பிக் ராசியும் கைகொடுக்கவில்லை. 2010 வான்கூவரில் அரையிறுதியில் பாதை விலகித் தகுதி இழந்தார். 2014 சோச்சியில் அரையிறுதியில் முன்னிலை வகித்தபோது விழுந்தார். 2018 பியோங்சாங்கில் மயிரிழையில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம். இடையில் 2012-இல் முழங்கால் தசைநார் கிழிந்து நீண்ட காலம் களத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. ஆனால் மற்ற மேடைகளில் அவரை அசைக்க ஆளில்லை. 2007, 2011, 2015, 2017 எனத் தனிநபர் உலகப் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்ட் போட்டிகள் நடந்த இடத்தின் பெயர் மலேசியர்களுக்குப் பழக்கமானது: கெந்திங் பனிப் பூங்கா. சீனாவின் ஜாங்ஜியாகோவில், கெந்திங் மலையை உருவாக்கிய லிம் கோ தோங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவரின் முதலீட்டில் எழுந்த விடுதி வளாகம் அது. அங்கேதான் பிப்ரவரி 9-ஆம் தேதி, தமது 36-ஆவது வயதில், ஜேக்கபெல்லிஸ் மீண்டும் ஓர் இறுதிச் சுற்றில் முன்னிலையில் வந்தார். இந்த முறை வித்தை எதுவும் இல்லை. பிரான்சின் குளோயி ட்ரெஸ்பேஷ் துரத்தி வர, தாழக் குனிந்தபடி நேராகக் கோட்டைக் கடந்தார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்களில் மூத்தவரும் அவரே.

பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டனர். அப்படி நினைத்து வரவில்லை என்றார். 2006-இல் வென்றிருந்தால் விளையாட்டையே விட்டிருக்கக்கூடும் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு தம் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார்.

மூன்று நாள் கழித்து கலப்பு அணிப் போட்டி. இணை ஆட்டக்காரர் 40 வயது நிக் பாம்கார்ட்னர். கோடையில் சிமென்ட் வேலை செய்து, அந்த வருமானத்தில் பனிக்காலப் பந்தயங்களுக்குப் போய்வந்தவர் அவர். தனிநபர் போட்டியில் சீக்கிரமே வெளியேறிக் கண்ணீர் விட்டிருந்தார். இப்போட்டியில் ஆண் முதலில் ஓடி முடிக்க வேண்டும். அவர் முடித்த நேரத்துக்கு ஏற்பப் பெண்ணுக்கான கதவு திறக்கும். பாம்கார்ட்னர் இறுதிச் சுற்றில் சற்றே முந்தி முடித்துக் கொடுத்தார். மலையில் ஜேக்கபெல்லிஸுக்குப் போட்டியாக வந்தவர் இத்தாலியின் மிக்கேலா மொயோலி, பியோங்சாங்கில் தங்கம் வென்ற அதே வீராங்கனை. அவருக்கு முன்னதாகக் கோட்டைக் கடந்தார் ஜேக்கபெல்லிஸ். ஐந்து ஒலிம்பிக்கில் ஜேக்கபெல்லிஸ் வென்றவை இரண்டு தங்கம், ஒரு வெள்ளி.