ஒட்டணும்... ஆனா, ஒட்டக் கூடாது!

செகண்ட்ஹேண்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். நல்ல சிவப்பு நிறம். இன்ஜின் பிரமாதம். ஒரே ஒரு பிரச்னை. பெட்ரோல் டேங்க்கின் இரண்டு பக்கமும், முந்தைய சொந்தக்காரர் தன் மகளின் பெயரைக் கொட்டை எழுத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். அழகான பெயர்தான். ஆனால், எனக்கு மகளே கிடையாது! 'யாருங்க அது?' என்று தெருவில் நாலு பேர் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாவதாக என் மனைவியும் விசாரித்தபோது, இனி தாமதிப்பது ஆபத்து என்று புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வலது பக்க ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. சர்ர்ரக்! ஸ்டிக்கர் வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பெயின்ட்டும் வந்தது! அடியில் சாம்பல் நிற பிரைமர் பல்லிளித்தது.

மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "என்ன சார், ஆட்டுத் தோலை உரிச்ச மாதிரி உரிச்சு வெச்சிருக்கீங்க? இது கம்பெனி பெயின்ட் இல்ல சார். நடுவுல எவனோ பட்டறையில அடிச்சது. பதமா எடுக்கணும்" என்றான்.

அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. ஆனால் ஒரு ஆறுதல். கிட்டத்தட்ட அதே மாதிரி வார்த்தைகளை, கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக, 1923-ல் அமெரிக்காவில் ஒரு பெயின்டர் உரத்த குரலில் உதிர்த்திருக்கிறார். அதைக் காதில் வாங்கிய ஓர் இளைஞரால் உலகத்துக்கு ஒரு பெரிய உபகாரம் நடந்தது. நம் டேங்க் கதைக்கும் அதுதான் ஆரம்பம்.

* * *

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் என்கிற ஊர். அங்கே ஒரு கம்பெனி. 1902-ல் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது. சாணைக்கல் செய்ய உதவும் 'குருந்தம்' என்கிற கடினமான கனிமம் தங்கள் நிலத்தில் கிடைக்கிறது, தோண்டினால் பணம் கொட்டும் என்று நம்பினார்கள். தோண்டினால்... அது குருந்தமே இல்லை! எதற்கும் உதவாத வேறு ஏதோ கல். சுரங்கம் என்று ஆரம்பித்த கம்பெனி, பிழைப்புக்காக உப்புத்தாள் தயாரிக்கும் கம்பெனியாக மாறியது. பெயர் மட்டும் 'மின்னசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபாக்சரிங்' என்றே தங்கிவிட்டது. சுருக்கமாக, 3எம்!

இந்தக் கம்பெனியில் 1921-ல் லேப் உதவியாளராக வந்து சேர்ந்தார் ரிச்சர்ட் ட்ரூ. வயது 22. நடனக் குழுக்களில் பான்ஜோ வாசித்துச் சம்பாதித்த காசில் இன்ஜினீயரிங் படிக்கப் போய், பாதியிலேயே படிப்பை விட்டவர். தபால் வழியில் மெஷின் டிசைன் கற்றுக்கொண்டிருந்தார். வேலைக்கான தகுதி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய புது உப்புத்தாளை அந்தச் சமயத்தில் கம்பெனி கொண்டுவந்திருந்தது. அதை உள்ளூர் கார் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, 'எப்படி இருக்கு?' என்று கேட்டு வருவது ட்ரூவின் வேலை. 1923-ல் ஒருநாள் அப்படிப் போனபோதுதான், உள்ளேயிருந்து அந்த அர்ச்சனை கேட்டது.

விஷயம் இதுதான். அப்போது அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்கள் மீது பெரிய மோகம். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவில் கத்தியால் வெட்டியது போலக் கோடு. பார்க்க ஜோர்! பெயின்டருக்கோ நரகம். முதல் நிறம் அடித்துக் காய்ந்ததும், அதை நியூஸ் பேப்பராலும் கசாப்புக் கடைத் தாளாலும் மூடி, பசை போட்டோ, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியாலோ ஒட்டவேண்டும். அப்புறம் இரண்டாவது நிறம். கடைசியில் பிளாஸ்திரியை உரித்தால், முதல் நாள் பாடுபட்டு அடித்த பெயின்ட் அதோடு சேர்ந்து உரிந்து வரும். மறுபடி தேய்க்கணும், மறுபடி அடிக்கணும். நஷ்டம் பட்டறைக்காரருக்கு. சரி, பசையைக் குறைத்து ஒட்டினால்? அடியில் பெயின்ட் கசிந்து கோடு கோணலாகிவிடும்!

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயின்டர் கேட்டது என்ன? நன்றாக ஒட்டவும் வேண்டும். வேலை முடிந்ததும் ஒட்டாத மாதிரி வந்துவிடவும் வேண்டும். அதுவரை உலகத்தில் பசை செய்த அத்தனை பேரும் 'எப்படி விடாமல் பிடிப்பது' என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது விடவேண்டும் என்பது ஒரு பிரச்னையாகவே தோன்றவில்லை!

"நான் செய்து தர்றேன்" என்று சொல்லிவிட்டார் ட்ரூ. எப்படி என்று அவருக்கே தெரியாது.

* * *

இரண்டு வருடங்கள் போராடினார். தாவர எண்ணெய், பிசின், ஆளி விதை எண்ணெய், கிளிசரின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார். ஒன்று பிடித்தால் விடவில்லை. விட்டால் பிடிக்கவில்லை! 'போதும்ப்பா, உப்புத்தாள் வேலையைப் பார்' என்றார் கம்பெனியின் பெரிய தலையான வில்லியம் மெக்நைட். ட்ரூ தலையாட்டினார். கொஞ்ச நாள் கழித்து, தன் பாட்டுக்கு மறுபடி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மெக்நைட் பார்த்துவிட்டார். ஆனால், தடுக்கவில்லை!

கம்பெனி வட்டாரத்தில் சுவையான கதை ஒன்று சொல்வார்கள். ட்ரூவுக்குத் தேவைப்பட்ட மெஷினை வாங்க மேலிடம் மறுத்துவிட்டது. 100 டாலர் வரை மேலே கேட்காமல் வாங்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. மனுஷன் 99 டாலர், 99 டாலர் என்று துண்டு துண்டாக பில் போட்டே மெஷினை வாங்கிவிட்டாராம்!

கடைசியில் வழி பிறந்தது. தச்சர்கள் பயன்படுத்தும் பசை. அதோடு, காய்ந்து இறுகிவிடாமல் இருக்க கிளிசரின். அதைப் பூச, சுருக்கம் சுருக்கமாக இழுபடும் கிரேப் காகிதம். 1925-ல் முதல் டேப் பட்டறைக்குப் போனது. இரண்டு அங்குல அகலம். ஓரங்களில் மட்டும் பசை, நடுவில் வெறும் காகிதம். பெயின்டர் ஒட்டினார். தொப்பென்று கீழே விழுந்தது!

'இதை எடுத்துட்டுப் போய் உன் ஸ்காட்ச் முதலாளிங்ககிட்ட கொடு. பசையை இன்னும் கொஞ்சம் தாராளமா போடச் சொல்லு' என்கிற தொனியில் எரிந்து விழுந்தாராம் அந்தப் பெயின்டர். ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றாலே கஞ்சர்கள் என்று அமெரிக்காவில் கேலி பேசிய காலம் அது. ட்ரூ, பசையை முழு அகலத்துக்கும் பூசினார். டேப் வெற்றி. அந்தக் கிண்டலோ, 'ஸ்காட்ச்' என்று கம்பெனி டேப்பின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. இன்று நம்மூர் டிங்கரிங் பட்டறைகளில் ஓரம் கட்டி ஒட்டுகிறார்களே 'மாஸ்கிங் டேப்', அதன் தாத்தா இதுதான். 1930-ல் அதே ட்ரூ, நாமெல்லாம் பார்சல் ஒட்டும் செலோ டேப் வகையையும் கொண்டுவந்தார்.

* * *

டேப் வந்துவிட்டது. ஸ்டிக்கர்?

1935. லாஸ் ஏஞ்சலிஸ். ஸ்டான் ஏவரி என்கிற 28 வயது இளைஞர். கையில் காசில்லை. பின்னாளில் மனைவியான டோரதியிடம் 100 டாலர் கடன் வாங்கினார். வாஷிங் மெஷின் மோட்டார், தையல் மெஷின் பாகங்கள் இவற்றையெல்லாம் பூட்டி ஒரு மெஷின் செய்தார். பின்னால் தானே பசையோடு வரும் லேபிள், அதாவது ஸ்டிக்கர், தயார்!

கம்பெனிக்கு அவர் வைத்த பெயரைக் கேளுங்கள். 'கம் கிளீன்'. சுத்தமாக வந்துவிடும் என்று அர்த்தம்! பரிசுப் பொருள் கடைகளில் விலைச் சீட்டாக ஒட்ட, எடுத்தால் பொருளில் கறை இருக்கக் கூடாது. ஆக, ஸ்டிக்கர் விற்பனைக்கு வந்ததே 'நன்றாக ஒட்டும்' என்று சொல்லி அல்ல. 'நன்றாக உரியும்' என்று சொல்லித்தான்! என் டேங்க்கில் ஒட்டியவர் இந்த வரலாற்றைப் படிக்கவில்லை போலும்.

என் டேங்க்கில் இருந்தது காகிதமும் இல்லை, வினைல். அதற்கும் ஒரு கதை உண்டு. 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்கிற விஞ்ஞானி, ரப்பரையும் இரும்பையும் ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி. என்கிற பொருளை ஏதோ திரவத்தில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை. வளைந்து நெளியும் பிளாஸ்டிக் கிடைத்தது! பசை தேடிப்போனவர் கண்டுபிடித்த பொருள்மீதே பிற்காலத்தில் பசை தடவி வண்டி வண்டியாக ஒட்டுகிறோம்.

வினைலுக்கு அந்த நெகிழ்வைக் கொடுப்பது அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு சமாசாரம். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் அது மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் ஸ்டிக்கர் அப்பளம்தான். இழுத்தால் முழுசாக வராது. சுக்குநூறாக உடையும்.

* * *

2024 மே 2-ம் தேதி முதல், வண்டிகளில் அனுமதியில்லாமல் 'பிரஸ்', 'போலீஸ்' என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அபராதம் என்று சென்னைப் போக்குவரத்து போலீஸ் அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவசர அவசரமாக உரித்தவர்களில் எத்தனை பேர் என்னைப் போலத் திட்டினார்களோ! அவர்களுக்காக, மெக்கானிக் தம்பி சொன்ன பாடம் இதோ. இதில் ட்ரூவின் பசை ரகசியமும் இருக்கிறது.

இந்த ரகப் பசை ஒரு விசித்திரப் பிறவி. திடீரென்று இழுத்தால் கல் மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் தேன் மாதிரி இளகி வழிவிடும். சூடு பட்டால் இன்னும் சாதுவாகிவிடும். ஆகவே, முதலில் டேங்க்கைக் கழுவுங்கள், மண் துகள் இருந்தால் அதுவே கீறிவிடும். அப்புறம் ஹேர் டிரையரால், அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சூடு காட்டுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். லைட்டர், தீக்குச்சி பக்கம் போகவே போகாதீர்கள்... அது பெட்ரோல் டேங்க்! ஓரத்தை பிளேடால் அல்ல, பழைய ஏ.டி.எம். கார்டால் கிளப்புங்கள். மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடக்கி, தரையோடு தரையாக, நத்தை வேகத்தில் இழுங்கள்.

மிச்சமிருக்கும் பிசுபிசுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைக்கலாம். மசியாவிட்டால் துளி மண்ணெண்ணெய் அல்லது நீலகிரித் தைலம். எதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். தின்னர், நகப்பூச்சு ரிமூவர் இரண்டும் பெயின்ட்டுக்கு எமன். பெட்ரோல் தீக்கு அழைப்பு. கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகு பாலிஷ் ஒரு கை.

இன்னும் ஒன்று. நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரம் தட்டுப்படவே இல்லையா? கம்பெனிக்காரர்களே ஸ்டிக்கரை ஒட்டி மேலே கிளியர் கோட் அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை எடுக்க ஆசைப்பட்டால் டேங்க்கையே மறுபடி பெயின்ட் அடிக்கவேண்டியதுதான். பழைய புல்லட் என்றால் இன்னும் ஜாக்கிரதை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் பிறந்த என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலையில், டேங்க்கின் தங்கக் கோடுகளை ஸ்டிக்கராக ஒட்டவில்லை. அளவுகோலோ டேப்போ இல்லாமல், கைத்தூரிகையால் ஒரே இழுப்பில் வரைந்தார்கள். ஸ்டிக்கர் பிசின் என்று நினைத்து அதில் தின்னரைப் போட்டால், ஒரு கலைஞனின் கைவேலை துணியோடு போய்விடும்.

* * *

பாடத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு இடது பக்க ஸ்டிக்கரில் கைவைத்தேன். சூடு காட்டி, மடக்கி, நத்தை வேகத்தில்... முக்கால் மணி நேரம். சுத்தமாக வந்தது. ஒரு பொட்டு பெயின்ட் போகவில்லை. வெற்றி!

எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பெயர் அப்படியே இருந்தது!

சுற்றியிருந்த சிவப்பெல்லாம் பல வருட வெயிலில் வெளிறிப்போயிருக்க, ஸ்டிக்கரின் நிழலில் இருந்த சிவப்பு மட்டும் புத்தம்புதுசாக, எழுத்து எழுத்தாக மின்னியது. பசைகூட விட்டுவிட்டது. வெயில் விடவில்லை. "பாலிஷ் போட்டுத் தேய்ச்சா கொஞ்சம் மங்கும் சார். முழுசா போகாது" என்றான் தம்பி. போகவில்லை.

வலது பக்கம் சாம்பல் தழும்பு. இடது பக்கம் யாரோ ஒரு அப்பா ஆசையாக ஒட்டிய பெயர். டேங்க்கை மறுபடி பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை. சிக்னலில் யாராவது, "உங்க பொண்ணு பேரா சார்?" என்று கேட்டால், பின்சீட்டிலிருந்து என் மனைவியே பதில் சொல்லிவிடுகிறாள்:

"இல்லைங்க. வண்டியோட பேரு!"