மாசியை நம்பிய தீவுகள்

கருவாடு என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாடே பல காலம் கருவாட்டை விற்றுத்தான் அரிசி வாங்கிச் சாப்பிட்டது. அந்த நாடு மாலத்தீவு. அந்தக் கருவாடு, காயல்பட்டினம் பக்கமும் இலங்கையிலும் இடித்துச் சம்பல் செய்வார்களே, அந்த மாசி!

மாலத்தீவில் சுமார் 1,200 குட்டித் தீவுகள். எல்லாம் பவளப் பாறை மேல் சேர்ந்த மணல். ஆறு கிடையாது, நெல் விளையாது. தென்னையும் கடலும்தான் சொத்து. கடலில் சூரை மீன் ஏராளம். ஆனால் அந்த வெயிலில் பிடித்த மீன் மறுநாள் வரை தாங்காது. ஐஸ் இல்லாத காலத்தில் அதை வெளிநாட்டுக்கு எப்படி விற்பது?

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் மாசி. மீனைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகை போட்டு, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். கடைசியில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். மாதக்கணக்கில் கெடாது. 1343-ல் அங்கே போய் காஜியாகவும் வேலை பார்த்த மொராக்கோ பயணி இபின் பதூதா, இந்த மீனை ஓலைக் கூடையில் வைத்துப் புகை போடுவதையும், அது இந்தியா, சீனா, ஏமன் வரை போவதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் இலங்கைதான் பெரிய வாடிக்கையாளர். பாய்மரக் கப்பலில் மாசி போகும், அரிசியும் துணியும் திரும்பி வரும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய் போரா வியாபாரிகள் மாலேயில் கடை போட்டு இந்த வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். மாசியை வாங்குகிறவரே அரிசியையும் விற்கிறார் என்றால், விலை யார் கையில் இருக்கும்? இதற்கு காமர்ஸ் படிக்க வேண்டியதில்லை.

ஒரே சரக்கு, ஒரே சந்தை. இதில் உள்ள ஆபத்து இரண்டு முறை வெளிப்பட்டது. முதலாவது, இரண்டாம் உலகப் போர். கப்பல் போக்குவரத்து தடைபட்டதும் அரிசி வரவில்லை. சுற்றிலும் கடல் நிறைய மீன், ஆனால் தீவுகளில் பஞ்சம்.

இரண்டாவது, 1970-களின் தொடக்கம். அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த இலங்கை இறக்குமதியைக் குறைத்தபோது மாசிக்கும் வெட்டு விழுந்தது. இந்த முறை வேறு வழி கிடைத்தது. ஜப்பானிய நிறுவனங்கள் மீனைப் பச்சையாகவே வாங்கி உறைய வைத்து எடுத்துப் போயின. 1972-ல் சுற்றுலாவும் தொடங்கியது. நாடு தப்பித்தது.

ஆனால் கணக்கில் வராத ஒரு நஷ்டம் உண்டு. மீன் பிடிப்பது ஆண்கள் என்றாலும், வேகவைத்து, புகை போட்டு, காயவைத்து மாசியாக்கியது பெரும்பாலும் பெண்கள். படகிலிருந்து மீன் நேராக ஜப்பானியக் கப்பலுக்குப் போனதும் அவர்கள் கையிலிருந்த வேலையும் வருமானமும் போய்விட்டன. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் அது முன்னேற்றம். அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு?

மாசி இன்றும் இலங்கைக்குப் போகிறது. "சந்தை அபாயம்" என்று பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுப் போகிறோம். அந்தத் தீவுகளில் அதன் பெயர் பசி. அடுத்த முறை மாசிச் சம்பல் சாப்பிடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.